வங்கிக் கூற்றும் கணினிக் கணக்கும் பொருந்தவில்லையா?

மாத முடிவில் வங்கிக் கூற்று கைக்கு வரும்போது அநேகமான கடைகளில் நடப்பது இதுதான். கணினி ஒரு மீதியைக் காட்டும், வங்கி இன்னொரு மீதியைக் காட்டும். கணக்கெழுதும் தம்பி அரை மணித்தியாலம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். "எவ்வளவு வித்தியாசம்?" என்று முதலாளி கேட்பார். "எண்ணூறு ரூபா நானா" என்று பதில் வரும். "சரி, சில்லறைச் செலவு என்று போட்டுச் சமப்படுத்து" என்பார் முதலாளி. அத்துடன் அந்த மாதக் கணக்கு முடிந்துவிடும்.

எண்ணூறு ரூபா பெரிய தொகையல்ல என்பது உண்மைதான். ஆனால் பிழையும் எண்ணூறு ரூபாவுக்குத்தான் என்று யார் சொன்னது? 50,000 ரூபா வைப்பு ஒன்றும் 50,800 ரூபா காசோலை ஒன்றும் கணினியில் பதியப்படாமல் விடுபட்டிருந்தாலும் வித்தியாசம் எண்ணூறாகத்தான் வரும். முதலாவதில் ஒரு வாடிக்கையாளர் கட்டிய பணம் அவரது பெயரில் வரவாகவில்லை. இரண்டாவதில் ஒரு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த பணம் கணக்கிலேயே இல்லை. எண்ணூறு ரூபாவுக்குப் பொய்ப் பதிவு ஒன்றைப் போட்டு மூடும்போது ஒரு இலட்சத்து எண்ணூறு ரூபாவின் கதை மறைந்துவிடுகின்றது. ஆகவே வித்தியாசத்தை மூடுவது தீர்வல்ல, தேடிக் கண்டுபிடிப்பதே தீர்வு. எப்படித் தேடுவது என்பதை இங்கே பார்ப்போம்.

எந்த மென்பொருள்?

பாடசாலையில் வர்த்தகம் படித்தவர்களுக்கு வங்கி இணக்கக் கூற்று நினைவிருக்கும். மென்பொருளில் 'ரெகன்சைல்' என்று இருப்பது அதே வேலைதான். எமது பதிவுகள் ஒவ்வொன்றையும் வங்கிக் கூற்றின் வரிகளோடு ஒப்பிட்டு அடையாளமிட்டு, இறுதி மீதிகள் ஒன்றாவதை உறுதிப்படுத்துவதே அது.

சொந்தக் கணக்கையும் சிறு வியாபாரக் கணக்கையும் எழுத குவிக்கன், குவிக்புக்ஸ், க்னூகேஷ் போன்ற மென்பொருள்கள் பாவனையில் உள்ளன. மைக்ரோசொப்ட் மணி என்பதன் விற்பனை 2009இல் நிறுத்தப்பட்டு, 2010இல் அதன் இறுதிப் பதிப்பு இலவசமாக விடப்பட்டது. இவற்றுள் க்னூகேஷ் முற்றிலும் இலவசமானது. இரட்டைப் பதிவு முறையில் இயங்குவதால் வியாபாரிகளுக்கும் ஏற்றது. ஆகவே கீழே உள்ள உதாரணங்களை அதனை வைத்தே சொல்கின்றேன். மற்ற மென்பொருள்களிலும் முறை பெரும்பாலும் இதுவேதான்.

எல்லா வித்தியாசமும் பிழையல்ல

முதலில் இதனை விளங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் காசோலை எழுதிய நாளும் அது வங்கிக்குப் போகும் நாளும் ஒன்றல்ல. வங்கி உங்களிடம் கட்டணம் கழித்த நாளும் அதனை நீங்கள் அறியும் நாளும் ஒன்றல்ல. இந்தக் கால இடைவெளியால் வரும் வித்தியாசம் இயல்பானது. ஒரு கடையின் நடைமுறைக் கணக்கை உதாரணமாக எடுப்போம். மாத இறுதியில் கணினி மீதி 386,200 ரூபா, வங்கிக் கூற்றின் மீதி 463,640 ரூபா. வித்தியாசம் 77,440 ரூபா.

கணினிப் பக்கம்:
கணினி மீதி 386,200
கூட்டுக: கல்முனை வாடிக்கையாளர் நேரடியாக வங்கியில் இட்டது 35,000
கழிக்க: திரும்பி வந்த காசோலை 24,000
கழிக்க: வங்கிக் கட்டணங்கள் 1,060
திருத்திய மீதி 396,140

வங்கிப் பக்கம்:
வங்கிக் கூற்று மீதி 463,640
கூட்டுக: வைப்பிட்டும் இன்னும் தேறாத காசோலை 60,000
கழிக்க: நாம் கொடுத்தும் இன்னும் சமர்ப்பிக்கப்படாத காசோலைகள் இரண்டு, 85,000 மற்றும் 42,500, மொத்தம் 127,500
திருத்திய மீதி 396,140

முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஒரு ரூபாகூட மர்மமாக இல்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணினிப் பக்கத்தில் உள்ள மூன்றையும் நாம் புதிதாகப் பதிய வேண்டும். வங்கிப் பக்கத்தில் உள்ளவற்றுக்குப் புதிய பதிவு எதுவும் தேவையில்லை. அவை ஏற்கெனவே எமது கணக்கில் உள்ளன, அடுத்த மாதக் கூற்றில் தாமாகவே வந்துவிடும். சிலர் இவற்றையும் மீண்டும் பதிந்து இரட்டிப்பாக்கி விடுகின்றார்கள்.

செய்யும் முறை

க்னூகேஷில் வங்கிக் கணக்கைத் திறந்தால் 'ஆர்' என்ற ஒரு சிறிய நிரல் இருக்கும். புதிய பதிவுக்கு அதில் 'என்' என்ற எழுத்தும், வங்கியில் தேறியது என்று நீங்கள் குறித்ததற்கு 'சி' என்ற எழுத்தும், கூற்றோடு ஒப்பிட்டு முடிந்ததற்கு 'வை' என்ற எழுத்தும் விழும்.

1. வேலையைத் தொடங்க முன்னர் கோப்பின் காப்புப் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. 'ரெகன்சைல்' கட்டளையைக் கொடுத்து, கூற்றின் இறுதித் திகதியையும் இறுதி மீதியையும் இடுங்கள். இன்றைய திகதியையோ இன்று இணையத்தில் பார்த்த மீதியையோ இடக் கூடாது. பாதிப் பேருடைய சிக்கல் இந்த இடத்திலேயே ஆரம்பிக்கின்றது.

3. தொடக்க மீதியைப் பாருங்கள். அது கடந்த கூற்றின் இறுதி மீதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே போகாதீர்கள். அதற்கான காரணத்தைக் கீழே சொல்லியிருக்கின்றேன்.

4. கூற்றின் ஒவ்வொரு வரியையும் பார்த்து, அதற்குரிய பதிவை அடையாளமிடுங்கள். காசோலைகளை அவற்றின் இலக்கத்தைக் கொண்டே பொருத்துங்கள். ஒரே மொத்த வியாபாரிக்கு 25,000 ரூபாப்படி இரண்டு காசோலைகள் கொடுத்திருக்கலாம். தொகையை மட்டும் பார்த்து மற்றதை அடையாளமிட்டால் இந்த மாதம் எல்லாம் சரியாகவே தெரியும். எது போய்ச் சேரவில்லை என்று அவர் கேட்கும் நாளில்தான் குழப்பம் வெளிவரும்.

5. கூற்றில் இருந்து எமது கணக்கில் இல்லாதவற்றை அந்த இடத்திலேயே பதியுங்கள்.

6. கீழே காட்டப்படும் வித்தியாசம் பூச்சியமானதும் வேலையை முடியுங்கள். மேற்படி உதாரணத்தில் 85,000, 42,500, 60,000 ஆகிய மூன்றும் அடையாளமிடப்படாமல் எஞ்சி நிற்கும். அப்படி நிற்பதே சரி.

வங்கிக் கூற்றில் 'கிரெடிட்' என்று இருப்பது எமக்கு வரவு, 'டெபிட்' என்று இருப்பது எமக்குச் செலவு. வங்கி தனது புத்தகத்தில் இருந்து பேசுகின்றது. எமது பேரேட்டில் இது மறுபக்கமாக நிற்கும். புதிதாகக் கணக்கெழுத வந்த பிள்ளைகளுக்கு இதனை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

தொடக்க மீதி மாறியிருந்தால்

கடந்த மாதம் பூச்சியத்தில் முடித்தோம், இந்த மாதம் தொடக்க மீதியே பிழையாக வருகின்றது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கணினி தானாகக் கணக்கை மாற்றாது. தொடக்க மீதி என்பது முன்னர் ஒப்பிட்டு முடித்த பதிவுகளின் கூட்டுத்தொகை. அவற்றில் ஒன்றை யாரோ அழித்திருக்க வேண்டும், அல்லது தொகையை மாற்றியிருக்க வேண்டும், அல்லது அதன் அடையாளத்தை எடுத்திருக்க வேண்டும்.

எமது வியாபாரத்தில் இதற்குப் பெரிய காரணம் திரும்பி வரும் காசோலை. வாடிக்கையாளர் தந்த 24,000 ரூபாக் காசோலை கடந்த மாத இறுதியில் வரவாகிக் கணக்கும் ஒப்பிடப்பட்டுவிட்டது. இந்த மாதம் முதல் வாரத்தில் அது 'செக் ரிட்டன்' ஆகின்றது. உடனே கணக்கெழுதுபவர் பழைய வரவை அழித்துவிடுகின்றார். அடுத்த முறை தொடக்க மீதி 24,000 ரூபா குறைந்து நிற்கின்றது. வங்கியோ வரவை ஒரு வரியிலும் திரும்பியதை இன்னொரு வரியிலும் காட்டுகின்றது. பழைய பதிவை அழிக்கக் கூடாது. திரும்பிய திகதியில் புதிய பதிவொன்றை இட்டு, வங்கியில் 24,000 ரூபாவைக் கழித்து, வாடிக்கையாளர் கணக்கில் மீண்டும் அதனைக் கடனாக ஏற்ற வேண்டும். வங்கி அறவிட்ட கட்டணத்தைத் தனியாகப் பதிய வேண்டும். அப்போதுதான் அந்த வாடிக்கையாளரின் காசோலை எத்தனை தடவை திரும்பியது என்பதும் உங்கள் புத்தகத்தில் நிற்கும்.

ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால், கடந்த கூற்றை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். 'வை' இல்லாத அல்லது காணாமல் போன வரியே நீங்கள் தேடுவது. அதனைப் பழைய திகதியிலேயே மீண்டும் பதிந்து, இந்த மாத ஒப்பீட்டில் சேர்த்து அடையாளமிட்டால் கணக்கு நேராகிவிடும். குவிக்புக்ஸின் கணினிப் பதிப்பில் ஒப்பிட்ட பின்னர் மாற்றப்பட்ட பதிவுகளைக் காட்டும் அறிக்கையொன்றே இருக்கின்றது. கடைசி ஒப்பீட்டை நீக்கிவிட்டு மீண்டும் செய்யும் வசதியும் உண்டு.

முதன்முறையாக ஒப்பிடுபவர்களுக்கு க்னூகேஷ் தொடக்க மீதியைப் பூச்சியமாகவே காட்டும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. கணக்கை ஆரம்பிக்கும்போது நீங்கள் இட்ட ஆரம்ப மீதிப் பதிவையும் அடையாளமிட மறக்காதீர்கள்.

அடிக்கடி வரும் வேறு கோளாறுகள்

அட்டை விற்பனை: வாடிக்கையாளர் அட்டையில் 10,000 ரூபாவுக்குச் சாமான் வாங்குகின்றார். நீங்கள் 10,000 என்று பதிகின்றீர்கள். வங்கி தனது தரகைக் கழித்து மிகுதியையே கணக்கில் இடுகின்றது. தரகு 3 வீதம் என்று வைத்துக்கொண்டால் வருவது 9,700 ரூபா. விற்பனை 10,000, தரகுச் செலவு 300, வங்கி வரவு 9,700 என்று ஒரே பதிவைப் பிரித்து எழுத வேண்டும். விற்பனையை 9,700 என்று குறைத்து எழுதுவது சரியல்ல.

இருமுறை பதிவு: சேமிப்புக் கணக்கிலிருந்து நடைமுறைக் கணக்குக்குப் பணத்தை மாற்றினால் மென்பொருளில் ஒரு முறை பதிந்தால் போதும், இரண்டு கணக்கிலும் விழும். இரண்டு பக்கத்திலும் இருந்து பதிந்தால் இரட்டிப்பாகும். வங்கியிலிருந்து இறக்கிய கோப்பை உள்ளே எடுக்கும்போதும், ஏற்கெனவே கையால் பதிந்தவை இரண்டாம் தடவை வந்து உட்காரும்.

திகதி முறை: நாம் நாளை முதலிலும் மாதத்தைப் பின்னரும் எழுதுகின்றோம். மென்பொருள் அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 5ஐ மே 4 என்று வாசித்துவிடும். கோப்பை உள்ளே எடுக்கும்போது திகதி முறையைத் தெரிவு செய்யுங்கள்.

பின்திகதியிட்ட காசோலை: எமது சந்தை ஓடுவதே இதனால்தான். மூன்று மாதத்துக்குப் பிந்திய காசோலையை எழுதிய அன்றே வங்கிச் செலவாகப் பதிந்தால் கணக்கு ஒருபோதும் பொருந்தாது. காசோலையில் உள்ள திகதியையே இட்டுப் பதியுங்கள். அல்லது 'கொடுத்த பின்திகதிக் காசோலைகள்' என்று தனிக் கணக்கில் வைத்து, திகதி வந்ததும் வங்கிக்கு மாற்றுங்கள். எந்தக் கிழமை எவ்வளவு பணம் வங்கியில் இருக்க வேண்டும் என்பதும் இதனால் முன்கூட்டியே தெரியும்.

தேறாத வைப்பு: காசோலைப் படிமங்களைக் கொண்டு தீர்க்கும் முறையை லங்காகிளியர் நிறுவனம் 2006இல் ஆரம்பித்த பின்னர், உரிய நேரத்துக்குள் இட்ட காசோலை வழமையாக அடுத்த வேலை நாளில் தேறிவிடுகின்றது. ஆகவே ஒரு கிழமைக்கு முந்திய வைப்பு இன்னும் அடையாளமிடப்படாமல் நின்றால் அதனைச் சும்மா விடாதீர்கள். வைப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். வைப்பு வேறு கணக்குக்குப் போயிருக்கலாம், அல்லது வைப்பிடப்படாமலே லாச்சிக்குள் கிடக்கலாம்.

பெயரில்லாத வரவு: 2015இல் உடனடி இலத்திரனியல் பணமாற்று முறை வந்ததன் பின்னர், வெளியூர் வாடிக்கையாளர் இரவிலும் விடுமுறை நாளிலும் பணம் அனுப்புகின்றார். கூற்றில் யாருடையது என்று தெரியாத வரவுகள் நிற்கின்றன. பட்டியல் இலக்கத்தைக் குறிப்பில் இடும்படி வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளைக் கண்டுபிடிக்கும்வரை அதனை விற்பனையாக எழுதாமல் 'அறியப்படாத வரவு' என்று தனியாக வையுங்கள்.

இலக்கம் சொல்லும் துப்பு

எல்லாம் பார்த்தும் வித்தியாசம் நின்றால் அந்த இலக்கத்தையே உற்றுப் பாருங்கள். பழைய கணக்கப்பிள்ளைமார் பாவித்த வழிகள் இன்றும் பயன்படுகின்றன.

முதலில் அதே தொகையில் பதிவு ஏதும் உண்டா என்று தேடுங்கள். இருந்தால் அது விடுபட்டதாகவோ இரட்டித்ததாகவோ இருக்கலாம். அடுத்து வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடுங்கள். 12,000 ரூபா வித்தியாசத்துக்கு 6,000 ரூபாப் பதிவொன்று அகப்பட்டால், வரவைச் செலவில் எழுதியிருக்கக் கூடும். மூன்றாவதாக 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 48,600 என்பதனை 46,800 என்று எழுதினால் வித்தியாசம் 1,800. பூச்சியமொன்று விடுபட்டு 4,500 என்பது 450 ஆனாலும் வித்தியாசம் 4,050. இரண்டும் 9ஆல் வகுபடும்.

க்னூகேஷில் 'இம்பேலன்ஸ்' என்ற பெயரில் ஒரு கணக்கு தானாக முளைத்திருந்தால், எங்கோ ஒரு பதிவுக்கு மறுபக்கம் இடப்படவில்லை என்று அர்த்தம். அதனைத் திறந்து ஒவ்வொன்றையும் உரிய கணக்குக்கு மாற்றுங்கள்.

வித்தியாசம் மிஞ்சும்போது, தானே ஒரு சமப்படுத்தும் பதிவை இடவா என்று சில மென்பொருள்கள் கேட்கும். உடனே ஆம் என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் விட்டு, காலையில் தெளிந்த மனதோடு மீண்டும் பாருங்கள்.

இதில் எமக்கு என்ன?

குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எழுதியது உண்மையோடு பொருந்துகின்றதா என்று பார்ப்பதும் அந்த எழுத்தின் ஒரு பகுதியே.

ஸகாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலட்சம் ரூபா வரவு பதியப்படாமல் கணக்கில் மறைந்திருந்தால் அதற்குரிய 2.5 வீதமான 5,000 ரூபா கணிக்கப்படாமல் போகின்றது. அது ஏழையின் உரிமை. சேமிப்புக் கணக்கில் வங்கி இடும் வட்டியும் ஒப்பிடும்போதுதான் கண்ணில் படும். அதனை இலாபத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் ஒதுக்கி, எவ்வாறு அகற்றுவது என்று உலமாக்களிடம் கேட்டுச் செய்யலாம். ஒப்பிடாதவருக்கு ஒதுக்க வேண்டிய தொகையே தெரியாது.

இன்னொன்று, நாம் கொடுத்த காசோலை ஆறு மாதமாகியும் வங்கிக்கு வராவிட்டால் அது காலாவதியாகிவிடும். கணினியில் அதனை நீக்கும்போது மீதி கூடும். அதனை இலாபமாக எழுதுவோரும் உள்ளனர். காசோலைதான் காலாவதியானது, கடன் காலாவதியாகவில்லை. அதனைக் கடன்கொடுத்தோர் கணக்கில் திரும்ப ஏற்றி, உரியவரைத் தேடி அறிவித்து, வேறு காசோலை எழுதுவதே முறை. அவர் மௌத்தாகியிருந்தால் அவரது வாரிசுகளுக்கு அது சேர வேண்டும்.

சகோதரர்கள் கூட்டாக நடத்தும் கடைகளில் பிரிவினை வரும்போது முதலில் எழும் கேள்வி, "வங்கிக் கணக்கு ஏன் பொருந்தவில்லை?" என்பதுதான். 'சில்லறைச் செலவு' என்று மூடிய வித்தியாசங்கள் அன்று சந்தேகங்களாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு மாதமும் ஒப்பிட்டு, கூற்றோடு சேர்த்துக் கோவைப்படுத்தி, பங்காளிகள் கையொப்பமிட்டு வைத்த கணக்கில் அதற்கு இடமிருக்காது.

ஆகவே மூன்று பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மாதம் முடியும்வரை காத்திராமல் வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூட முன்னரோ சனிக்கிழமை மாலையிலோ, இணையத்தில் பார்த்து அடையாளமிடுங்கள். காசோலை எழுதுபவரும் ஒப்பிடுபவரும் இயன்றவரை வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். ஒப்பிட்டு முடித்த மாதத்தின் பதிவில் யாரும் கைவைக்கக் கூடாது, திருத்தம் எதுவானாலும் புதிய பதிவாகவே வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ஆறு மாதம் ஒப்பிடாமல் வைத்திருப்பவர்கள் ஒரே நாளில் முடிக்க முயலாமல், பழைய மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாக வாருங்கள். முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், மூன்றாவது மாதம் கை பழகிவிடும் இன்ஷா அல்லாஹ்.